காலடியில் விழுந்த கட்டம் போட்ட துணி

எழுபதுகளின் நடுவில் நான் ஷார்ஜாவில் போய் இறங்கியபோது, என்னை முதலில் தூக்கிவாரிப் போட்டது வெயில் அல்ல, ஒரு வெள்ளைக்காரனின் தலை. காக்கி உடுப்பு, தோள்பட்டையில் நட்சத்திரம், இடுப்பில் துப்பாக்கி எல்லாம் இருந்தன. தொப்பியைத்தான் காணோம். அதற்குப் பதிலாகச் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஒரு துணியைத் தலையில் சுற்றி, முனையைக் கழுத்தோரம் செருகியிருந்தான். துரை என்றால் தொப்பி என்று நினைத்து வளர்ந்தவன் நான். களத்து மேட்டுக்குப் போகிற ஆளின் தலையில் இருக்க வேண்டியது இவன் தலைக்கு எப்படி வந்தது என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். என்னை அழைத்துப் போக வந்த கம்பெனி ஆள், "அது ஷிமாக். இந்தப் பக்கத்துப் பட்டாளத்துக்கு அதாங்க தொப்பி. அரபிகிட்டேருந்து வெள்ளைக்காரன் எடுத்துக்கிட்டான். மணலுக்குள்ள போனா நீங்களும் கட்டுவீங்க, பாருங்க" என்றார்.

செத்தாலும் கட்டமாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். எனக்குத் துண்டு என்றாலே ஆகாது.

அதற்குக் காரணம் அப்பா. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா குத்தகைக்கு உழுதவர். மிராசுதார் வீட்டுத் தெருமுனை திரும்பும்போதே அவர் கை தானாகத் தோளுக்குப் போகும். துண்டை எடுத்து, மடித்து, அக்குளில் இடுக்கிக்கொள்வார். தலையில் முண்டாசு இருந்தால் அதுவும் இறங்கிவிடும். அப்படி நின்றுதான் அவர் எதையும் கேட்பார். விதைநெல் கேட்பார், வாய்க்காலில் தண்ணீர் விடச் சொல்லிக் கேட்பார். மிராசுதார் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். கூட நிற்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்த அன்று நான் எடுத்த முடிவு, இனி என் தோளில் துண்டே ஏறாது என்பது. துண்டு இருந்தால்தானே எடுக்க வேண்டும்! என் கல்யாணத்தில் மாமனார் போர்த்திய அங்கவஸ்திரத்தைக்கூட நாற்காலியில் போட்டுவிட்டு வந்து வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

மணல் என் முடிவைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஷார்ஜாவிலிருந்து உள்ளே போகும் ஒரு சாலைக்கு எங்கள் கம்பெனி அளவு எடுத்துக்கொண்டிருந்தது. நான் சர்வேயர். கேம்ப் என்றால் சில கூடாரங்கள், ஒரு தண்ணீர் டேங்கர், ஒரு ஜீப். முதல் நாள் சாயங்காலமே என் பிடரித் தோல் வெந்து, மூக்குக்குள் மணல் அடைத்து, கண் இரண்டும் கோவைப்பழமாகிவிட்டது. எங்கள் சீஃப் எஞ்சினியர் ஒரு வெள்ளைக்காரர், பழைய பட்டாளத்து ஆள். அவர் தன் ஷிமாக்கைக் குறுக்காக மடித்து என் தலையில் போட்டு, ஒரு முனையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுவந்து மறுபக்கம் செருகிவிட்டார். மறுநாள் காற்று அடித்தபோது என்னால் மூச்சுவிட முடிந்தது. அதற்குப் பிறகு சபதமாவது, ஒன்றாவது. சந்தையில் நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன். இது துண்டு இல்லை, டியூட்டிக்கு உள்ள சாமான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் என் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். தங்கையின் புருஷன். கம்பெனியில் சொல்லி நான்தான் அவருக்கு விசா எடுத்தேன். கல்யாணமாகி ஒரு தீபாவளிகூட முழுசாகக் கொண்டாடாத ஜோடி. லீவில் ஊருக்குப் போய் நானே அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் என் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இவருக்கு வழியே தெரியாதுண்ணே. கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுலயே தொலைஞ்சு போயிடுவாரு. நீதான் பாத்துக்கணும்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். மாப்பிள்ளையும் சிரித்தார்.

அவருக்கும் ஒரு ஷிமாக் வாங்கிக் கொடுத்தேன். அவருக்கு அது துண்டேதான். குளித்துவிட்டு அதில்தான் தலை துவட்டுவார். இடுப்பில் கட்டிக்கொண்டு சமைப்பார், கொதிக்கிற சட்டியை அதால்தான் இறக்குவார், மத்தியானம் அதையே விரித்துப் படுப்பார். எங்கள் ஜீப் டிரைவர் ஒரு பலூச்சி, பாகிஸ்தான் பக்கத்து ஆள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு முகம் சுருங்கிவிடும். "அரே பாய், தலைக்கு உள்ளதைக் கொண்டுபோய் எங்கெல்லாம் கட்டுறே!" என்று இந்தியில் கத்துவார். மாப்பிள்ளைக்கு இந்தி புரியாது. அவர் சந்தோஷமாகத் தலையாட்டுவார்.

மாப்பிள்ளைக்கு வேலை கம்பம் பிடிப்பது. ஜீப் அவரைத் தூரத்து மணல்மேட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். அவர் கொடிக் கம்பத்தை நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் இந்தப் பக்கத்திலிருந்து கோணம் அளக்கிற தியோடலைட்டில் பார்ப்பேன். எங்களிடம் இருந்தது பழைய கருவி. அதில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். வானம் கீழே, மணல் மேலே, நடுவில் மாப்பிள்ளை தலைகீழாகத் தொங்குவார். அந்தப் பழுப்பில் அவரைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது தலையில் இருந்த சிவப்புக் கட்டம்தான்.

அன்று காலையிலும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோணத்தை எழுதிக்கொள்ளக் கண்ணை எடுத்தேன். திரும்ப வைத்தபோது அவர் இல்லை. கம்பம் இல்லை, மேடும் இல்லை, கண்ணாடி முழுக்க ஒரே பழுப்பு. கருவியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து நிமிர்ந்தேன். எதிரே ஒரு மணல் சுவரே நகர்ந்து வந்துகொண்டிருந்தது. டிரைவர் என்னைப் பிடித்து ஜீப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியது மட்டும்தான் ஞாபகம்.

காற்று ஓய்ந்ததும் அந்த மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனோம். கொடிக் கம்பம் பாதி புதைந்து கிடந்தது. மாப்பிள்ளையைக் காணோம். காற்றடித்தால் கம்பத்தை விட்டு நகராதீர்கள், உட்கார்ந்துகொள்ளுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். ஜீப் சத்தம் கேட்ட மாதிரி இருந்ததாம், தேடிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். இது பின்னால் தெரிந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் தோளில் ஒரே ஒரு தண்ணீர்க் குடுவைதான் இருக்கிறது என்பது. காலடித் தடமா? மணல் சலவை செய்த வேட்டி மாதிரி மடிப்புக் கலையாமல் கிடந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாப்ளே, மாப்ளே என்று தொண்டை கிழியக் கத்தினேன். கேட்க ஆள் இருந்தால்தானே.

வெயில் ஏற ஏற வட்டமடித்துத் தேடினோம். ஜீப்பில் பெட்ரோல் அடியில் போனதும் டிரைவர், "நம்மால ஆகாது. பட்டாளத்துக்கிட்டப் போவோம்" என்றார். சற்றுத் தள்ளி ஒரு பழைய மண்கோட்டையில் பட்டாளத்துக் காவல் இருந்தது. அவர்களிடம் வண்டிகள் இருந்தன. மணலில் தடம் பார்க்கத் தெரிந்த பதூக்களும், பாலைவனத்திலேயே பிறந்து வளர்ந்த நாடோடி அரபிகள், அந்தப் பட்டாளத்தில் இருந்தார்கள்.

கோட்டைச் சுவரோரம் தார்ப்பாய் நிழலில் அந்தக் காவலுக்குத் தலைவரான அதிகாரி டீ குடித்துக்கொண்டிருந்தார். இந்த நாட்டு அரபி, என் வயதுதான் இருக்கும். கராச்சியில் கொஞ்ச காலம் இருந்தவர் என்பதால் உருது பேசினார். நானும் சைட்டில் கற்ற இந்தியில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நடந்ததைப் பொறுமையாகக் கேட்டார். சுற்றிலும் ஜவான்கள் நின்றிருந்தார்கள். எல்லோர் தலையிலும் அதே சிவப்புக் கட்டம்.

"காற்று திரும்ப வரும்" என்றார். "வண்டி எதுவும் வெளியே போகக்கூடாது என்று வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்திருக்கிறது. நாளைக் காலையில் தேடலாம்."

"நாளைக் காலையில் பிணத்தைத்தான் தேடணும்" என்றேன்.

"அல்லாவின் கையில் இருக்கிறது" என்று அவர் டீக் கிளாஸை எடுத்தார்.

அப்புறம் நடந்ததை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிடும். என் கை தலைக்குப் போனது. நான் அனுப்பவில்லை, அதுவாகவே போனது. ஷிமாக்கை உருவியது. இரண்டாய் மடித்தது. அக்குளுக்குக் கொண்டு போனது. முதுகு வளைந்தது. அப்பா எப்படி நிற்பாரோ அதே மாதிரி, அச்சு அசலாக அதே மாதிரி, கடல் தாண்டி வந்து ஒரு மண்கோட்டை நிழலில் நான் நிற்கிறேன். அதை உணர்ந்ததும் திக்கென்றது. கை வெலவெலத்தது. துணி நழுவி அந்த அதிகாரியின் காலடியில் விழுந்தது.

ஒரு ஜவான் வாய்க்குக் கொண்டுபோன கிளாஸை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற எங்கள் டிரைவர் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டேன், சுடப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அதிகாரி கிளாஸைக் கீழே வைத்தார். எழுந்தார். குனிந்து அந்தத் துணியை எடுத்து, மணலை உதறினார். என் எதிரே வந்து நின்று, அதை விரித்து என் தலையில் போட்டு, முனையை எடுத்துக் கழுத்தோரம் செருகினார். அவர் முகத்தில் கோபமா வருத்தமா, எனக்குத் தெரியவில்லை. திரும்பி ஜவான்களைப் பார்த்து, "யல்லா!" என்று ஒரு சத்தம் போட்டார். கோட்டையில் இருந்த அத்தனை வண்டியும் ஒரே நேரத்தில் உறுமின.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேயறைந்தவன் மாதிரி வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இது உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது, பாய்?" என்றார்.

"எது?"

"தலைத்துணியைக் கழற்றி அவர் காலடியில் போட்டாயே, அது. இங்கே ஆண்பிள்ளைக்கு மானமே தலையில்தான். அதை ஒருத்தன் முன்னால் போட்டால், என் மானம் இனி உன் கையில் என்று அர்த்தம். போட்டவன் கேட்டதைக் கொடுத்தே தீரணும். கொடுக்கலேன்னா எதிரே இருக்கிறவனுக்குத்தான் அசிங்கம். உயிர்ப் பிச்சை கேட்கிறவன்தான் அப்படிச் செய்வான். சும்மா செய்ய மாட்டான்."

நானா செய்தேன்? எவன் முன்னாலும் கைகட்டி நிற்கமாட்டேன் என்று கல்யாணத்தில்கூட வீம்பு பிடித்த நானா? அதைவிடப் பெரிதாக இன்னொரு பயம் வந்தது. உத்தரவை மீறி, காற்று திரும்பும் என்று தெரிந்தும், இத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு மனிதர் மணலுக்குள் போகிறார். நான் கேட்கவே கேட்காத ஒரு முறையில் நான் கேட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு போகிறார். இவர்களில் ஒருவனுக்கு ஏதாவது ஆனால்? வண்டியை நிறுத்திச் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. தங்கை முகம் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டேன்.

கம்பம் கிடந்த மேட்டில் ஆரம்பித்து வண்டிகள் விரிந்து சென்றன. வயதான ஒரு பதூ ஜவான் இறங்கி நடந்தார். முள்ளுச் செடிகளின் அடிப்புறம் காற்றுப் படாத இடமாகப் பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் எங்கள் கம்பெனி பூட்ஸின் அரைத் தடம் இருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. மாப்பிள்ளை கேம்ப்புக்கு நேர் எதிர்த்திசையில் நடந்திருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கும்பகோணம் பஸ் ஸ்டாண்ட் என்று தங்கை சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெயில் சாயும் நேரத்தில் முன்னால் போன வண்டி ஹாரன் அடித்தது. ஓடினேன். ஒரு பள்ளத்தில், குட்டையான மரத்தின் அடியில் மாப்பிள்ளை மல்லாந்து கிடந்தார். கால் இரண்டும் சேர்ந்து நீட்டியிருந்தன. முகத்தின் மேல் ஷிமாக் முழுசாக மூடியிருந்தது.

நம்மூரில் முகத்தை மூடி எப்போது படுக்க வைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜவான்கள்கூடச் சட்டென்று நின்றார்கள். தங்கைக்கு என்ன சொல்லுவேன், எந்த வாயால் சொல்லுவேன் என்று மணலைக் கையால் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்போது அந்த அதிகாரி என் தோளைப் பிடித்து அழுத்தி, விரலை நீட்டிக் காட்டினார். மூக்குக்கு நேரே, அந்தச் சிவப்புக் கட்டம் ஒன்று உள்ளே போய் வெளியே வந்தது. மறுபடி உள்ளே போய் வெளியே வந்தது.

அதிகாரியே துணியை விலக்கினார். மாப்பிள்ளையின் உதடு வெடித்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "மச்சான், கம்பத்தை வுட்டுட்டு வந்துட்டேன் மச்சான். சீஃப் திட்டுவாரா?" என்றார். நான் அவர் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன். பிறகு கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். ஜவான்கள் சிரித்தார்கள். காற்று திரும்ப வந்தது, ஆனால் நாங்கள் கோட்டைக்குள் நுழைந்த பிறகு வந்தது.

மாப்பிள்ளை எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ஒரு வெள்ளிக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு நன்றி சொல்லப் போனேன். எதற்கும் அடங்காத நான் அன்று வழி முழுக்கப் பயந்துகொண்டே வந்தேன். உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யவில்லை. அதிகாரி எங்களை உட்கார வைத்து, ஈச்சம்பழமும் கஹ்வா என்கிற அரபிக் காப்பியும் கொடுத்தார். உத்தரவை மீறியதற்கு மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டதாகச் சாதாரணமாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அன்றைக்கு நீ துணியை என் காலடியில் போடவில்லை. மடித்துக் கைக்கு அடியில் வைத்துக்கொள்ளப் போனாய். கை நடுங்கி விழுந்துவிட்டது. சரிதானே?"

கஹ்வா கோப்பையைக் கீழே வைத்தேன்.

"தெரிந்துமா வண்டியை எடுத்தீர்கள்?"

"எனக்குத் தெரியும். என் ஜவான்களுக்குத் தெரியாதே. அவர்கள் பார்த்தது ஒருவன் தலைத்துணியை என் முன்னால் போட்டதை. அதைப் பார்த்த பிறகும் நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தால், நாளைக்கு என் பேச்சை எவன் கேட்பான்?"

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை நடுங்காமல் இருந்திருந்தால்? நான் ஒழுங்காக மடித்து, ஒழுங்காக அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒழுங்காகக் குனிந்து நின்றிருந்தால், நாளைக் காலையில் பார்க்கலாம் என்பதுதான் அவருடைய கடைசிப் பேச்சாக இருந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து ஈச்சங்கொட்டையைத் துப்பிக்கொண்டிருக்கும் இந்த மனிதர் அந்த மரத்தடியிலேயே முடிந்திருப்பார். நான் மாப்பிள்ளையின் தொடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"உங்கள் ஊரில் அது என்ன வழக்கம்?" என்று அதிகாரி கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"பெரிய மனிதர் முன்னால் போய் ஒன்றைக் கேட்கும்போது துண்டை எடுத்துவிடுவோம்" என்றேன். "என் அப்பா அப்படித்தான் நிற்பார்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியானால் எங்களைப் போலத்தான்! அந்தப் பெரிய மனிதர் எழுந்து வந்து அதைத் திரும்ப உன் அப்பாவுக்குப் போட்டுவிடுவார், இல்லையா?"

"என்ன மச்சான் கேக்குறாரு?" என்றார் மாப்பிள்ளை.

நான் கீழே வைத்த கோப்பையை எடுத்துக் குடித்தேன். அப்பா திரும்பி வரும்போது, மிராசுதார் வீட்டுத் தெருமுனையைத் தாண்டிய பிறகு, அக்குளில் இருந்த துண்டை அவரேதான் எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொள்வார்.